காப்பிப் பத்தியம்

தட்டில் கற்பூரம் பற்றியதுதான் தாமதம், அரங்கசாமி நாற்காலியை விட்டு எழுந்து, நாலே எட்டில் ஐஸ் பெட்டியின் தலைமாட்டுக்கு வந்து, எரிகிற தீயின்மேல் வலது உள்ளங்கையை வைத்து அமுக்கினார்.

"கற்பூரம் ஆகாதுங்க! வெளிய கொண்டு போங்க. அவளுக்கு மருந்து நடக்குது."

தட்டைப் பிடித்திருந்த உறவுக்காரர் பதறிப்போய்த் தட்டோடு பின்வாங்கினார். பெட்டியைச் சுற்றி அழுதுகொண்டிருந்த பெண்கள் பாதியில் நிறுத்தினார்கள். பந்தலில் பிளாஸ்டிக் நாற்காலி இழுபடும் சத்தம்கூட நின்றது. தீ அணைந்து, புகை மட்டும் ஒரு நூலாக எழும்பியது.

வெங்கடலட்சுமி இறந்து ஏழு மணி நேரம் ஆகியிருந்தது. இனி எந்த மருந்து நடந்து எந்த ஊருக்குப் போகப்போகிறது? அது அரங்கசாமிக்கும் தெரியும். அவருடைய கைக்குத்தான் இன்னும் தெரியவில்லை. இரண்டு வருடமாக அந்த வீட்டில் கற்பூரம் கொளுத்தவில்லை. கற்பூர வாசம் பட்டால் ஓமியோபதி மாத்திரை வீரியம் இழந்துவிடும் என்று டாக்டர் சொன்ன அன்றே, வெங்கடலட்சுமி கற்பூர டப்பாவைச் சாமி அறையிலிருந்து எடுத்துத் தோட்டத்து மோட்டார் ரூமில் கொண்டுபோய் வைத்துவிட்டாள். சாமிக்கு நெய் விளக்கு போதும், சாமி ஒன்றும் கோபித்துக்கொள்ளாது என்றும் சொல்லியிருந்தாள்.

மகன் ரவிதேஜா வந்து அப்பாவின் மணிக்கட்டைப் பிடித்தான்.

"நைனா, இனிமேட்டு அம்மாவுக்கு என்னுங்க ஆகாது?"

தமிழில் கேட்டான். அந்த வீட்டில் பேச்சு பாதிக்கு மேல் தெலுங்கு. கோபம் வந்தால் மட்டும் சுத்தமான தமிழ். மூன்று தலைமுறையாகக் கிணத்துக்கடவில் தென்னை வைத்துப் பிழைக்கிற குடும்பத்துக்குச் சண்டை போடத் தெலுங்கு பத்தாமல் போயிருக்கலாம். ரவிதேஜா காலையிலிருந்தே அப்பாவிடம் தமிழில்தான் பேசிக்கொண்டிருந்தான்.

அரங்கசாமி நாற்காலிக்குத் திரும்பினார். உருகிய கற்பூரம் உள்ளங்கையில் ஒட்டி, தோல் சிவந்து உப்ப ஆரம்பித்திருந்தது. மருமகள் பிரத்யுஷா ஓடிவந்து டூத் பேஸ்ட்டைப் பிதுக்கப் போனாள். 'பேஸ்ட்டும் ஆகாது, அதில் புதினா இருக்கிறது, இரண்டு வருடமாகப் பல்பொடிதான்' என்று அவர் வாய்வரை வந்துவிட்டது. பல்லைக் கடித்துக்கொண்டு கையை நீட்டினார்.

ஐஸ் பெட்டிக்குள் வெங்கடலட்சுமி பட்டுச் சேலையில் இருந்தாள். சுமங்கலியாகப் போனவள் என்று முகத்தில் அப்பிய மஞ்சள், நெற்றி நிறைய குங்குமம், கழுத்து நிறைய மல்லிகை. "பூவோடயும் பொட்டோடயும் போயிட்டா, குடுத்து வெச்சவ" என்று வருகிற ஒவ்வொருவரும் சொல்லிவிட்டுப் போனார்கள். அரங்கசாமிக்கு ஒரே குழப்பம். பூசிய மஞ்சள் எது, நோய் ஏற்றிய மஞ்சள் எது? கன்னத்தில் தெரிவது பூசியது. காது மடலுக்குப் பின்னால் தெரிவது? அவர் கண் மறுபடி மறுபடி அந்தக் காது மடலுக்கே போனது.

பக்கத்துத் தோட்டத்துச் சாமியாத்தாள் தூக்குப்போசியோடு வந்து நின்றாள். சாவு வீட்டில் அடுப்பு மூட்டக்கூடாது. அதனால் காலையிலிருந்து அவள் வீட்டிலிருந்துதான் எல்லோருக்கும் காப்பி.

"ஏனுங்கண்ணா, ஒரு வாய் குடிங்க. மூணு நாளா ஆஸ்பத்திரில வெறும் வயித்தோட கெடந்திருக்கறீங்க."

"வேண்டாம் அம்மணி."

"நீங்களும் உழுந்துட்டா யாருங்க பாக்கறது?"

"காப்பி வேண்டாம்னு சொன்னனல்ல."

குரல் தேவைக்கு மேல் உயர்ந்துவிட்டது. சாமியாத்தாள் முகம் சுண்டி அப்பால் போனாள். போகும்போது ஐஸ் பெட்டியை ஒரு பார்வை பார்த்து முந்தானையால் மூக்கைத் துடைத்துக்கொண்டாள்.

அந்தக் காப்பி விஷயம் யாருக்கும் தெரியாது என்றுதான் அரங்கசாமி நினைத்துக்கொண்டிருந்தார்.

இரண்டு வருடத்துக்கு முன்னால் ஒரு யுகாதி அன்று, நெய் ஊற்றி நாலு ஒப்புட்டு சாப்பிட்ட மதியம், வெங்கடலட்சுமிக்கு வலது விலாவுக்குக் கீழே வலி வந்தது. தோள்பட்டை வரை இழுத்தது. வாயு என்று ஓமத்தண்ணி குடித்தாள். மறுநாளும் வலிக்கவே பொள்ளாச்சியில் ஸ்கேன் எடுத்தார்கள். பித்தப்பையில் மூன்று கல். பெரியது பன்னிரண்டு மில்லிமீட்டர். சின்னதாய் நாலு ஓட்டை போட்டுப் பையையே எடுத்துவிடலாம், இரண்டு நாளில் வீட்டுக்கு வந்துவிடலாம் என்று டாக்டர் சொன்னார். கோயமுத்தூரில் பம்பு கம்பெனி ஒன்றில் வேலை பார்க்கும் ரவிதேஜா அன்றைக்கே லீவு சொல்லிவிட்டான்.

அரங்கசாமிதான் கூடாது என்றார். அவருடைய தம்பி குடலிறக்க ஆபரேஷனுக்கு இருபத்தெட்டு வயதில் நடந்து போனவன், வேனில் பிணமாகத் திரும்பி வந்தான். அது நடந்து முப்பத்தைந்து வருடம் ஆகிறது, இப்போது காலம் மாறிவிட்டது என்று மகன் தலைபாடாக அடித்துக்கொண்டான். "காலம் மாறும் கண்ணு, கத்தி மாறாது" என்றார் அரங்கசாமி. அந்த வார்த்தை அவருக்கே அவ்வளவு பிடித்துப்போனது. அடுத்த ஒரு வாரம் கேட்டவர்களுக்கெல்லாம் அதையே சொன்னார்.

தேங்காய் வியாபாரி ஒருவர்தான் கோயமுத்தூர் ஆர்.எஸ்.புரம் சீனிவாசலு டாக்டரைச் சொன்னார். கத்தி இல்லாமல் கல்லைக் கரைக்கிறவர் என்றார். போய்ப் பார்த்தால் எழுபது வயது மனிதர், வெள்ளை அரைக்கை சட்டை, சுவர் முழுக்கச் சின்னச் சின்ன புட்டிகள். பேர் கேட்டு, ஊர் கேட்டு, தெலுங்கில் பேச ஆரம்பித்ததும் பாதி நோய் போன மாதிரி இருந்தது. ஸ்கேன் கவரை ஓரமாக வைத்துவிட்டு ஒன்றரை மணி நேரம் வெங்கடலட்சுமியிடம் கேள்வியாகக் கேட்டார். எந்தப் பக்கம் சாய்ந்து படுப்பீர்கள், கனவில் என்ன வருகிறது, வெயில் பிடிக்குமா, குளிர் பிடிக்குமா. எல்லாவற்றையும் பெரிய நோட்டில் எழுதிக்கொண்டார்.

"அழுகை வந்தா, யாராச்சும் பக்கத்துல இருந்து தேத்துனாப் பிடிக்குமாங்கம்மா, இல்லே தனியா உட்டாப் பிடிக்குமா?"

வெங்கடலட்சுமி யோசித்தாள்.

"யாரும் தேத்துனதில்லீங்க. அதனால தெரியல."

அரங்கசாமி அந்த அறையில்தான், அவளுக்குப் பக்கத்து நாற்காலியில்தான் உட்கார்ந்திருந்தார். டாக்டர் தலையைத் தூக்காமல் அதையும் எழுதிக்கொண்டார்.

பிறகு பத்தியம் சொன்னார். மாத்திரையைக் கையால் தொடக்கூடாது, புட்டி மூடியில் நாலு உருட்டி அப்படியே வாயில் போட வேண்டும். பச்சை வெங்காயம், கற்பூரம், புதினா ஆகாது. காப்பி அறவே கூடாது. முதலில் வலி கொஞ்சம் கிளம்பினாலும் கிளம்பும், பயப்பட வேண்டாம், மருந்து வேலை செய்கிறது என்று அர்த்தம் என்றார். எல்லாவற்றுக்கும் தலையாட்டிய வெங்கடலட்சுமி, காப்பி என்றதும் மட்டும் கணவனைத் திரும்பிப் பார்த்தாள். கல்யாணமான நாளிலிருந்து விடியற்காலைக் காப்பி இல்லாமல் அவள் வாசல் தெளித்ததில்லை.

எட்டு நாள் தாங்கினாள். ஒன்பதாம் நாள் அவர் குடித்து வைத்த டம்ளரைக் கழுவ எடுத்துப் போனவள், அடுக்களை மூலையில் நின்று அதை முகர்ந்துகொண்டிருந்ததை அரங்கசாமி பார்த்துவிட்டார். பத்தாம் நாள் விடியாலே அவரே எழுந்து அரை டம்ளர் காப்பி போட்டு, மோட்டார் ரூமுக்குக் கொண்டுபோனார். கல்யாணமாகி முப்பத்தொன்பது வருடத்தில் அவர் போட்ட முதல் காப்பி. டம்ளரின் வெளிப்புறத்தை உள்ளங்கையில் பிடித்துச் சூடு பார்த்துவிட்டுத்தான் கொடுத்தார். அவள் பொறுமை இல்லாதவள், கொதிக்கக் கொதிக்க வாயில் ஊற்றிக்கொள்வாள்.

"ஏனுங்க, டாக்டருக்குச் சொல்லிப்போடாதீங்க."

"நான் எதுக்குச் சொல்றேன்?"

அன்றிலிருந்து தினமும் மோட்டார் ரூமில் அரை டம்ளர். உரமூட்டை மேல் அவள் உட்கார்ந்து குடிப்பாள், அவர் வாசலில் நின்று யாரும் வருகிறார்களா என்று பார்ப்பார். பேரன் எடுக்கிற வயதில் இப்படி ஒரு கள்ளத்தனம் தேவையா? ஆனால் அந்தப் பத்து நிமிடத்துக்காகவே அவர் நாலரைக்கு விழித்துக்கொள்ளப் பழகினார்.

வலியும் குறைந்த மாதிரித்தான் இருந்தது. வருடம் கழித்து எடுத்த ஸ்கேனில் பன்னிரண்டு மில்லி பதினொன்றாகியிருந்தது. அரங்கசாமி காந்திபுரத்தில் பஸ் ஏறுவதற்கு முன்னால் அரைக்கிலோ மைசூர்பா வாங்கினார். "நைனா, அது அளக்கறவங்க கைவாகுங்க. கல்லு அப்படியேதான் இருக்குது" என்றான் ரவிதேஜா. சொன்னானே தவிர, அம்மாவைத் தூக்கிக்கொண்டு போய் ஆஸ்பத்திரியில் சேர்க்கவில்லை. வலி இல்லாதவரை அவனுக்கும் அது வசதியாக இருந்தது.

இந்த வாரம் வந்த வலி வேறு.

ஆஸ்பத்திரியில் சேர்க்கும்போது, எப்போது ஆரம்பித்தது என்று கேட்டார்கள். "இன்னைக்குக் காலையிலதானுங்க" என்றார் அரங்கசாமி. அன்று வியாழக்கிழமை. பக்கத்தில் நின்ற ரவிதேஜாவுக்கும் ஃபோனில் அதையேதான் சொல்லியிருந்தார். கல் நகர்ந்து பித்தக்குழாயை அடைத்துவிட்டது, கிருமி ரத்தத்தில் ஏறிவிட்டது என்றார்கள். குழாய் விட்டார்கள், மருந்து ஏற்றினார்கள். ஞாயிற்றுக்கிழமை விடியற்காலை ஐந்து மணிக்குப் பெரிய டாக்டர் வெளியே வந்து, "ஒரு நாள் முந்தி வந்திருந்தா..." என்று ஆரம்பித்தவர், இவர்கள் முகத்தைப் பார்த்து நிறுத்திக்கொண்டார்.

அந்த ஒரு நாள் அரங்கசாமியிடம் இருந்தது. அது புதன்கிழமை.

புதன்கிழமை என்று ஒரு தடவை வாயைத் திறந்து சொல்லிவிட்டால் போதும். ஆனால் காலையிலிருந்து வாயில் வேறென்னவோ வார்த்தையெல்லாம் வந்தது, அது மட்டும் வரவில்லை. 'காப்பிதான், அந்த அரை டம்ளர்தான் மருந்தை முறித்துவிட்டது' என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டு உட்கார்ந்திருந்தார். அதைச் சொல்லிச் சொல்லி நெஞ்சு வலித்தது. ஆனாலும் அந்த வலியை விட மனமில்லை.

மதியம் ஒரு மணிக்கு ஆட்டோ ஒன்று வந்து நின்றது. கையில் ரோஜா மாலையோடு இறங்கியவர் சீனிவாசலு டாக்டர். மாமனாரின் கைபேசியில் இருந்த எண்களுக்கெல்லாம் பிரத்யுஷா தகவல் அனுப்பியபோது அவருக்கும் போயிருக்கிறது.

புதன்கிழமை அந்த மனிதருக்கும் தெரியும்.

டாக்டர் மாலையை வைத்துக் கும்பிட்டார். கொஞ்ச நேரம் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றார். பந்தலுக்கு வந்து அரங்கசாமிக்குப் பக்கத்தில் உட்கார்ந்தார். ஆள் யாரென்று அறியாத சாமியாத்தாள் காப்பியை நீட்ட, வாங்கிக்கொண்டு குடித்தார். அரங்கசாமி அதையே பார்த்தார். காப்பி கூடாது என்று இரண்டு வருடம் சொன்ன வாய் அல்லவா அது?

ரவிதேஜா அதற்குள் வந்துவிட்டான்.

"நெம்ப சந்தோசமுங்க. வந்து மாலை வேற போட்டுட்டீங்க."

"தம்பி..."

"ரெண்டு வருசம் சக்கரை உருண்டையக் குடுத்து ஏமாத்திப்போட்டீங்களே. ரெண்டு நாள்ல முடியற ஆபரேஷன். எங்கம்மாவக் கொன்னுபோட்டு, உக்காந்து காப்பி குடிக்கறீங்களா?"

பந்தல் முழுக்கத் திரும்பிப் பார்த்தது. உறவுக்காரர்கள் இரண்டு பேர் எழுந்து ரவிதேஜாவின் தோளைப் பிடித்தார்கள். டாக்டர் டம்ளரைக் கீழே வைக்கக்கூடத் தோன்றாமல் பிடித்திருந்தார். அவர் கண் ஒரே ஒரு தடவை அரங்கசாமி பக்கம் வந்து போனது.

அரங்கசாமி எழுந்து இருவருக்கும் நடுவில் நின்றார்.

"கண்ணு, அவரச் சொல்லாத. தப்பு எம்மேல. பத்தியத்த முறிச்சது நான்தான். டெய்லி விடியால அம்மாவுக்குக் காப்பி குடுத்தேன். ரெண்டு வருசமா. டாக்டர் வேண்டாம்னு சொல்லியும் குடுத்தேன்."

சொல்லி முடித்ததும் அப்பாடா என்று இருந்தது. மகன் அடித்தால்கூட வாங்கிக்கொள்ளலாம் என்று தோன்றியது. ஆனால் அழுகைச் சத்தம் வேறு பக்கத்திலிருந்து வந்தது. சாமியாத்தாள் தூக்குப்போசியைக் கீழே வைத்துவிட்டுத் தலையில் கை வைத்துக்கொண்டாள்.

"அய்யோ, நானுந்தானுங்களே குடுத்தேன்! சாயந்தரம் நாலு மணியானா அக்கா வேலியோரம் வந்து நிப்பாங்க. ஊட்டுக்காரருக்குச் சொல்லாத அம்மணின்னு சத்தியம் வாங்குனாங்க. நான்தான் கொன்னுபோட்டனாட்ட இருக்குதே!"

அரங்கசாமி அவளை வெறித்தார். நாலு மணிக்கா?

டாக்டர் தொண்டையைச் செருமினார். "அழாதீங்கம்மா. எனக்குத் தெரியும். அந்தம்மா மொத மாசமே சொல்லிட்டாங்க. விடியால ஊட்டுக்காரரு அரை டம்ளரு. நாலு மணிக்குப் பக்கத்துத் தோட்டத்துல. கோயமுத்தூர் வந்தா மருமகப்பொண்ணு முழு டம்ளரு குடுக்கும்னு சொல்லுவாங்க."

பிரத்யுஷா தலையைக் குனிந்துகொண்டாள். ரவிதேஜா மனைவியைத் திரும்பிப் பார்த்தான்.

"மூணு பேருக்கும் மத்த ரெண்டு பேரத் தெரியாதுங்க டாக்டர்னு சொல்லிச் சிரிப்பாங்க. நோட்டுல எழுதிக்கூட வெச்சிருக்கேன்."

"தெரிஞ்சுமா உட்டீங்க?" என்றார் அரங்கசாமி. "ஆகாதுன்னு சொன்னீங்களே."

"எங்க வாத்தியாரு எனக்குச் சொன்னாரு, நான் வர்றவங்களுக்கெல்லாம் சொல்றேன். காப்பினால ஒண்ணும் ஆயிருக்காதுங்க. அத நெனச்சு நீங்க மனசு ஒடைய வேண்டாம்." டாக்டர் நிறுத்தி, ரவிதேஜாவைப் பார்த்துச் சொன்னார். "தம்பி கேக்கறது ஞாயந்தான். ஒரு வருசம் கழிச்சும் கல்லு அப்படியே இருந்துச்சு. அப்பவே ஆபரேஷனுக்குப் போங்கன்னு கண்டிச்சு அனுப்பியிருக்கோணும். நான் அனுப்பல."

அவ்வளவுதான் சொன்னார். ஃபோன் வந்ததைச் சொல்லவில்லை. புதன்கிழமையைச் சொல்லவில்லை.

அரங்கசாமி நின்ற இடத்திலேயே நின்றார். காப்பியால் ஒன்றும் இல்லை என்றால் மாத்திரை? மாத்திரையாலும் ஒன்றும் இல்லையா? அப்படியானால் பதினொன்று மில்லி? மைசூர்பா? நெய் விளக்கு, பல்பொடி, மோட்டார் ரூம்? ஒன்றைப் பிடித்தால் இன்னொன்று கையை விட்டு நழுவியது. ஒன்று மட்டும் நழுவாமல் நின்றது. மூன்று நாளாகக் காப்பியைப் போட்டு மூடி வைத்திருந்த அது, இப்போது மூடி இல்லாமல் கிடந்தது. அதையும் இந்த ஆள் சுமந்துகொண்டு ஆட்டோ ஏறிப் போய்விடுவார் போலிருக்கிறது.

"புதன்கெழம" என்றார்.

"என்ன புதன்கெழம?" என்றான் ரவிதேஜா.

"புதன்கெழம விடியாலயே குளுரு வந்துருச்சு கண்ணு. பல்லு கிட்டுச்சு. நான் டாக்டருக்கு ஃபோன் போட்டேன். கண்ணு மஞ்சளா இருக்குதா பாருங்கன்னாரு. பாத்தேன், இருந்துச்சு. எம் மாத்திரைய நிறுத்திப்போட்டு உடனே ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போங்கன்னு சொன்னாரு. ரெண்டு தடவ சொன்னாரு. நான் போகல."

அரங்கசாமி தொடர்ந்தார்.

"வியாழக்கெழமன்னு உங்கிட்டச் சொன்னது பொய்யி. சித்தப்பன் நெனப்பு வந்துருச்சு. ஆஸ்பத்திரின்னாலே கை காலு ஓடல. காப்பிதான் மருந்தக் கெடுத்துப்போடுச்சு, இன்னைக்கு ஒரு நாளு காப்பிய நிறுத்திக் கால் மணிக்கொருக்கா மாத்திரை குடுத்தாச் சரியாப் போயிரும்னு நெனச்சேன். மத்தியானம் காச்சலும் வுட்டுச்சு. பாத்தியா, வேல செய்யுதுன்னு அவகிட்டச் சொன்னேன்."

மீதியும் இருந்தது.

"பொழுதோட அவ காப்பி கேட்டா. அரை டம்ளரு கூட வேண்டாங்க, ஒரே ஒரு வாயுன்னா. நான் குடுக்கல. உன்ற காப்பினாலதான் இத்தனையும் வந்துச்சுன்னு சொல்லிப்போட்டேன். 'எந்நாக்குதானுங்க எனக்கு எமன்'னு சொல்லிட்டுத் திரும்பிப் படுத்துக்கிட்டா. நாளைக்கு விடியால முழு டம்ளரா தாரேன்னு சொன்னேன். விடியால அவளுக்கு என்னையவே அடையாளம் தெரியல."

ரவிதேஜா அப்பாவைப் பார்த்தான். டாக்டரைப் பார்த்தான். தோளில் இருந்த கைகளை உதறிவிட்டுப் பந்தலை விட்டு வெளியே போனான். முதல் வரிசைத் தென்னை மரத்தடியில் முதுகைக் காட்டி நின்றான். பிரத்யுஷா போகப் பார்த்தாள், பிறகு நின்றுவிட்டாள். டாக்டர் டம்ளரை நாற்காலிக்கு அடியில் வைத்துவிட்டு இரண்டு கைகளையும் மடியில் கோத்துக்கொண்டார்.

அரங்கசாமிக்கு அழுகை வரவில்லை. மகன் திட்டிவிட்டால் நன்றாக இருக்கும் என்று இருந்தது. தமிழிலாவது திட்டட்டும்.

இரண்டரை மணிக்கு மயானத்து வண்டி வந்துவிட்டது. ஐஸ் பெட்டியின் மூடியைத் திறந்து அவளை வாசலில் கட்டிலுக்கு மாற்றினார்கள். வாய்க்கரிசிக்கு எல்லோரையும் கூப்பிட்டார்கள். பெண்கள் ஒவ்வொருவராகச் சுற்றி வந்து அரிசி போட்டார்கள். கற்பூரத் தட்டோடு நின்ற உறவுக்காரர், கொளுத்தலாமா வேண்டாமா என்று அரங்கசாமியின் முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். கொளுத்துங்கள் என்று அரங்கசாமி தலையை ஆட்டினார். இரண்டு வருடம் கழித்து வாசலில் கற்பூரம் மணந்தது.

"சாமியாத்தா" என்று கூப்பிட்டார்.

"சொல்லுங்கண்ணா."

"காப்பி இருக்குதா?"

"இப்பத்தான் புதுசாப் போட்டு வந்தேனுங்க. இருங்க, தாரேன். இப்பவாச்சும் கேட்டீங்களே."

டம்ளரும் டபராவுமாகக் கொண்டுவந்து கொடுத்தாள். அவர் குடிக்கவில்லை. இடது கையில் டபராவோடு எடுத்துக்கொண்டு கட்டிலின் தலைமாட்டுக்குப் போய்க் குனிந்தார். அப்போதுதான் அவர் எண்ணம் மற்றவர்களுக்குப் புரிந்தது. "அரிசி போட்ட வாய்க்கு..." என்று ஒரு பெரியவர் முனகினார். பிரத்யுஷா அவரை நிமிர்ந்து பார்க்கவும் பேசாமல் இருந்துவிட்டார்.

வழக்கம்போல டம்ளரை வலது உள்ளங்கையில் பிடித்துச் சூடு பார்த்தார் அரங்கசாமி. கொப்புளம் உப்பி, மேலே பேஸ்ட் காய்ந்து கிடந்த கை. எரிந்தது. காப்பி எரிகிறதா, கை எரிகிறதா, தெரியவில்லை. இடது கைக்கு மாற்றிப் பார்த்தார். அந்தக் கைக்கு வழக்கமில்லை. மறுபடி வலது கை. மறுபடி இடது கை. காப்பி தளும்பி வேட்டியில் சிந்தியது.

"ஆரு... ஆராச்சும் பாருங்களேன்" என்றார். "சூடா இருக்குதா? எனக்குத் தெரிய மாட்டீங்குது. அவ சூட்டோட குடிச்சுப்போடுவா."

வண்டிக்காரர் மணியைப் பார்த்துக்கொண்டு, "நேரமாச்சுங்க" என்றார்.

தென்னை மரத்தடியிலிருந்து ரவிதேஜா வந்தான். அப்பாவின் முகத்தைப் பார்க்கவில்லை. கையிலிருந்த டம்ளரையும் டபராவையும் வாங்கி, டம்ளரை உள்ளங்கையில் கொஞ்ச நேரம் பிடித்துப் பார்த்தான்.

"சூடா இருக்குது நைனா. கொஞ்சம் இருங்க" என்றான்.

தெலுங்கில் சொன்னான். பிறகு அம்மாவின் தலைமாட்டில் நின்றபடியே, டம்ளருக்கும் டபராவுக்குமாகக் காப்பியை ஊற்றி ஆற்றத் தொடங்கினான்.